நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: வேலூர் வட்டாரத்தாருக்காக

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் நாய்க்குட்டிப் பேச்சு எழுந்துவிடுகிறது. இருபது ஆண்டுகளாக நாய் வளர்த்து வருகிறவன் என்பதால் தெரிந்தவர்களும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன விடைகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நோய், மருந்து ஆகியவற்றைப் பொறுத்தவரை உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவானது.

நல்ல குட்டி எங்கே கிடைக்கும் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதாதா?

போதாது. போன ஆண்டு ஒழுங்காக இருந்தவர், குட்டிக்குக் கிராக்கி கூடியதும் இந்த ஆண்டு வேறு மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பெயரைவிடப் பார்க்கத் தெரிவதுதான் முக்கியம். அது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய வித்தையும் அல்ல. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வாயைத் திறந்து இரண்டு பல்லா, நான்கு பல்லா என்று பார்ப்பார்கள், நடக்க விட்டு நடையைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், மடியைத் தொட்டுப் பார்ப்பார்கள், அதன் பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அதே மனிதர் தம் பேரனுக்கு நாய்க்குட்டி வாங்கும்போது கைப்பேசியில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்பிவிடுகிறார். தாயைப் பார்த்துப் பெண்ணை எடு, பாலைப் பார்த்துப் பசுவை வாங்கு என்று சொல்லி வளர்ந்த நாம், பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டுக்குள் வாழப் போகும் உயிரை மட்டும் அதன் தாயைப் பார்க்காமலேயே வாங்குகிறோம்.

பொறுப்பான வளர்ப்பாளர் என்று யாரைச் சொல்வது?

குட்டியை விற்பதற்கு முன் உங்களைக் கேள்வி கேட்பவரை. வீடு சொந்தமா வாடகையா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மாடியில் கட்டிப்போடுவீர்களா, முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்றெல்லாம் அவர் துருவித் துருவிக் கேட்டால் கோபப்பட வேண்டாம். பணத்தை வாங்கிக்கொண்டு குட்டியைக் கையில் திணிப்பவரைவிட அவர் ஆயிரம் மடங்கு மேல். அவரிடம் ஓரிரண்டு இனங்கள்தான் இருக்கும். ஒரு பொட்டை நாய் எப்போது ஈன்றது, எத்தனை குட்டி போட்டது, அவை எங்கே போயின என்பதை நோட்டைப் பார்க்காமலேயே சொல்வார். எல்லா இனமும் எல்லா நாளும் இருப்பில் உண்டு என்பவர் பெரும்பாலும் வளர்ப்பாளர் அல்லர், இடைத்தரகர். வெளியூர்களிலிருந்து கூண்டுகளில் குட்டிகளை இறக்கிச் சில நாள் வைத்திருந்து கைமாற்றிவிடுவதுதான் அவருடைய தொழில்.

இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய் இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்கென்றே மத்திய அரசு 2017இல் விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்வையில் படும்படி வைத்திருக்கவும் வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. விற்கும் குட்டிக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், தோலுக்கு அடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். 18 மாதம் நிறையாத நாயையும் 8 வயதைக் கடந்த பொட்டையையும் சினைக்கு விடக்கூடாது. 12 மாதத்தில் ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது.

ஆகவே, "உங்கள் பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாமா?" என்று கேட்பது உங்கள் உரிமை. நம் பக்கத்தில் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதால், கேட்டவுடன் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதிலிருந்தே பாதி விடை கிடைத்துவிடும். சான்றிதழ் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது முதல் படி மட்டுமே.

30, 35 நாளில் எடுத்தால்தான் நம்மோடு ஒட்டும் என்கிறார்களே?

இது விற்பவர்கள் கட்டிவிட்ட கதை. குட்டிக்கு 3 வாரம் கடந்தபின் தீனிச் செலவு ஏறுகிறது, கழிவை அள்ளும் வேலை கூடுகிறது, தடுப்பூசிக்குப் பணம் போட வேண்டியிருக்கிறது. ஒரு மாதத்திலேயே தள்ளிவிட்டால் இவை அனைத்தும் மிச்சம். அதோடு, சிறிய குட்டி பொம்மை மாதிரி இருப்பதால் சீக்கிரம் விலைபோகும்.

குட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போது அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு விலகிப் போகும். அம்மா நாயும் ஓர் உறுமலில் அடக்கும். எவ்வளவு கடிக்கலாம் என்பதை குட்டி கற்பது அந்த வாரங்களில்தான். 30 நாளில் பிரித்து வந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில் கற்கும். 8 வாரத்தில் வந்த குட்டி ஒட்டாமல் போனதாக நான் இதுவரை கண்டதில்லை.

வயதைப் பொய்யாகச் சொன்னால் கண்டுபிடிக்க முடியும். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோலத்தான் இதற்கும். நாய்க்குட்டிக்கு மொத்தம் 28 பால்பற்கள். கோரைப்பல்லும் முன்பற்களும் மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் முளைத்துவிடும்; பக்கவாட்டுப் பற்கள் அதற்குப் பின்னால் வரும். 8 வாரம் ஆன குட்டி என்று சொல்லிக் காட்டுகிறார்கள், உதட்டை மெல்ல ஒதுக்கிப் பார்த்தால் முன்பற்கள் ஈறிலிருந்து அரிசி முனை அளவு மட்டுமே வெளிவந்திருக்கின்றன என்றால், அந்தக் குட்டி ஐந்து வாரத்தைத் தாண்டியிருக்காது.

நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் தாயை. குட்டிகள் எந்த இடத்தில் வளர்ந்தனவோ அந்த இடத்தில், குட்டிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேறு ஏதோ ஒரு பொட்டையை இழுத்து வந்து இதுதான் தாய் என்று நிறுத்துவதும் நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் ஈன்ற நாயின் காம்புகள் தொங்கிப் பருத்திருக்கும். அந்த அடையாளத்தை எளிதில் மறைக்க முடியாது. தாய் நாய் கொஞ்சம் இளைத்திருப்பதும் முடி உதிர்த்திருப்பதும் இயல்பு. ஆனால் விலா எலும்பு எண்ணும்படி இருந்தாலும், ஆள் அரவம் கேட்டதும் மூலையில் ஒடுங்கினாலும், விற்பவரின் கை உயர்ந்ததும் கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தினாலும், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்த நாயே சொல்லிவிட்டது. அங்கே அதற்குமேல் நிற்க வேண்டாம்.

பிறகு இடத்தை. மூக்கு சொல்வதைக் கேளுங்கள். குட்டிகள் இருக்கும் இடத்தில் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும். கண் எரியும் அளவுக்கு மூத்திர நெடி இருந்தால் கழுவுவதில்லை என்று பொருள். நீங்கள் வருவதற்கு அரை மணிக்கு முன் ஊற்றிய பினாயில் நெடி இருந்தாலும் சற்று யோசியுங்கள்.

கடைசியாகத்தான் குட்டி. ஓடிவந்து காலைச் சுற்றுவது நல்லது. தூங்கி எழுந்த குட்டி சற்று மந்தமாக இருப்பதில் தவறில்லை, பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உண்ணியோ குடற்புழுவோ இரத்தத்தைக் குடிக்கிறது. காதின் மடிப்பையும் விரல் இடுக்கையும் விரித்துப் பார்த்தால் உண்ணி தெரியும். வயிறு மட்டும் பானைபோல் உப்பி முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அதைக் கொழுகொழு என்று நினைத்துவிடக் கூடாது, அது புழு. தொப்புளில் நெல்லிக்காய் அளவு புடைப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் எடுக்க வேண்டாம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதால், பெற்றோரை நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்ப்பதும், இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேட்பதும் அவசியம்.

தாயைக் காட்ட மறுத்தால்?

திரும்பி வந்துவிடுங்கள். சொல்லும் காரணம் எதுவானாலும்.

"பேப்பர் உள்ள குட்டி" என்றால் என்ன? "டபுள் போன்" என்கிறார்களே, அது?

பேப்பர் என்று பேச்சில் சொல்வது, கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் வம்சாவளிச் சான்றிதழை. குட்டியின் தாய், தகப்பன், பாட்டன், பாட்டி யார் என்பதை அது சொல்லும். அந்தப் பாட்டனுக்கு இடுப்பு சரியாக இருந்ததா என்பதைச் சொல்லாது. எனவே சான்றிதழை நலத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு நல்ல பயன் அதில் உண்டு. அண்ணன் தங்கைக்கும் தாய் மகனுக்கும் இணை சேர்த்திருந்தால் அதில் ஒரே பெயர் இரண்டு பக்கத்திலும் வந்து காட்டிக்கொடுத்துவிடும். பேப்பர் பிறகு தபாலில் வரும் என்ற பேச்சை நம்பிக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

டபுள் போன், ஷோ குவாலிட்டி, ஹெவி சைஸ் எல்லாம் விற்பனை வார்த்தைகள். எந்த நாய்க்கும் எலும்பு இரட்டையாக இருப்பதில்லை.

தடுப்பூசி அட்டையை எப்படிப் படிப்பது?

அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அங்கேயே திறந்து மூன்றைப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு, அதில் தொகுதி எண்ணும் காலாவதி நாளும். பக்கத்தில் ஊசி போட்ட தேதி. அதன் எதிரே கால்நடை மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணோடு கூடிய முத்திரையும். பிறகு பிறந்த தேதியிலிருந்து ஊசித் தேதிவரை விரல் விட்டு எண்ணுங்கள். ஒருமுறை நண்பர் கொண்டுவந்து காட்டிய அட்டையில், குட்டி பிறந்த 19ஆம் நாள் முழுத் தடுப்பூசி போட்டதாக எழுதி, பச்சை மையில் ஒரு வளைந்த கோட்டைக் கையொப்பம் என்று கிழித்திருந்தார்கள்.

பர்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை மீண்டும் போடப்படுகிறது. தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்யவிடாது, அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் இத்தனை தவணை. ஆகவே 50 நாள் குட்டியைக் காட்டி "எல்லா ஊசியும் முடிந்துவிட்டது" என்று சொல்பவர் ஒன்று அறியாதவர், அல்லது பொய் சொல்கிறார். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில் போட வேண்டும்.

மருந்துக் கடையில் வாங்கித் தாமே போட்டோம் என்றாலும் ஏற்க வேண்டாம். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. சட்டைப் பையில் வைத்து வேலூர் வெயிலில் வண்டியில் கொண்டுபோன குப்பியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நம் ஊர் வெயிலுக்கு எந்த இனம் தாங்கும்?

கோடையில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சுற்றிலும் இருக்கும் பாறை மலைகள் இரவிலும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நாய் நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றும். பக், ஃபிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அந்த மூச்சுப் பாதையே குறுகலானது. பனிப் பிரதேசத்தில் வண்டி இழுக்க உருவான ஹஸ்கி, மலைப்பனியில் வாழ்ந்த செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றைக் கத்திரி வெயிலில் மொட்டைமாடி ஓட்டு அறையில் வைப்பது வதைதான். பகல் முழுவதும் ஏசி ஓடும், மின்வெட்டுக்கும் மாற்று ஏற்பாடு உண்டு என்பவரிடம்கூட நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். பொறுப்பான வளர்ப்பாளரும் அப்படித்தான் சொல்வார். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்காமல் ஹஸ்கியை விற்பவர் எப்படிப்பட்டவர் என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ராஜபாளையம், சிப்பிப்பாறை வாங்கலாமா?

வெயிலைப் பொறுத்தவரை தாராளமாக வாங்கலாம். இடத்தைப் பொறுத்தவரை யோசிக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பிறந்த வேட்டை நாய்கள். சத்துவாச்சாரி அடுக்ககத்தில் இரண்டாம் தளத்தில் அடைத்தால் வீட்டையும் தன்னையும் கிழித்துக்கொள்ளும். கொல்லையும் சுற்றுச்சுவரும் உள்ளவர்களுக்கு, காலை மாலை ஓடவிட முடிகிறவர்களுக்கு அவை பொருந்தும். ராஜபாளையத்தில் பால் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்குச் சேர்ந்து வருகிறது. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காற்றோ நிழலோ அதன்மேல் படாதபடி பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். மற்றவை திரும்பி, ஒன்று மட்டும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டிய பிறகே முடிவெடுங்கள். உறங்கும்போது கூடப்பிறந்தவை எழுப்பினால் மட்டும் எழும் குட்டியும் இந்த வகைதான்.

கோம்பை காவலுக்குப் பேர் போனது. முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி முன்பணம் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

குட்டியையும் தாயையும் கண்ணால் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூட வேண்டாம். இதில் நடக்கும் மோசடிக்கு ஒரே அச்சு: சந்தை விலையில் பாதிக்கு அழகான குட்டி, முதலில் டோக்கன், பிறகு வண்டி ஏற்றிவிட்டோம், கூண்டுக்குப் பணம், பிறகு வழியில் தடுத்துவிட்டார்கள், காப்பீட்டுக்குப் பணம், அது திரும்பக் கிடைக்கும், கடைசியில் எண் அணைக்கப்பட்டிருக்கும். வீடியோ அழைப்பில் குட்டியைத் தூக்கி, இன்றைய நாளிதழை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னால் பெரும்பாலோர் அப்போதே நழுவிவிடுவார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல், இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

குட்டி நோஞ்சானாக இருக்கிறது, பாவமாக இருக்கிறது. காப்பாற்றுவதற்காகவே வாங்கலாமா?

மிகக் கடினமான கேள்வி. நானே இதில் சறுக்கியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வீடு தூரம், நீங்கள் அலைய வேண்டாம் என்று சொல்லி, நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடைக்கு ஒரு லாப்ரடார் குட்டியைத் தக்காளிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அடியில் விரித்திருந்த செய்தித்தாள் நனைந்திருந்தது. குட்டி தலையைத் தூக்கவில்லை. வண்டிப் பயணக் களைப்பு என்றார். திருப்பி அனுப்பினால் அது என்ன ஆகுமோ என்று எண்ணிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் இரத்தக் கழிச்சல், இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியும் ஏழாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. பர்வோ. நோய் உள்ளே புகுந்து 3 முதல் 7 நாளில் வெளிப்படுவது என்பதால், பெட்டியில் ஏறும்போதே அது நோயோடுதான் இருந்திருக்கும்.

நான் கொடுத்த பணத்தில் அவர் அடுத்த ஈத்துக்குப் பொட்டையை விட்டிருப்பார். நாம் ஒரு குட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பத்துக் குட்டிகளுக்கு முதல் போடுகிறோம். கண்ணெதிரே வதை நடந்தால் படம் எடுத்துக் காவல் நிலையத்திலோ மாவட்டக் கால்நடைத் துறை அலுவலகத்திலோ புகார் கொடுங்கள். விலை கொடுத்து மட்டும் வாங்க வேண்டாம்.

குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் என்ன செய்வது?

இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். வேலூர் அரசு கால்நடை மருத்துவமனையிலும் காட்டலாம். வரிசையில் காத்திருக்கும்போது குட்டியைத் தரையில் விடாமல் மடியில் வையுங்கள். வளர்ப்பாளர் கொடுத்துவந்த அதே தீனியைச் சில நாள் தொடர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். தடுப்பூசித் தவணை முடியும்வரை தெருவில் நடத்த வேண்டாம், ஆனால் கையில் தூக்கிக்கொண்டு வண்டிச் சத்தம், குக்கர் விசில், மேளம் எல்லாம் பழக்கலாம், பழக்கவும் வேண்டும்.

வீட்டில் முன்பு பர்வோவால் குட்டி இறந்திருந்தால் அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். நான் ஓராண்டு விட்டு, தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவி, தடுப்பூசி முடிந்த நாயைத்தான் கொண்டுவந்தேன்.

குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், குட்டிதானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏமாற்றப்பட்டால் முறையிட முடியுமா?

ரசீது இருந்தால் முடியும். வாங்கும் அன்றே விற்பவர் பெயர், முகவரி, குட்டியின் பிறந்த தேதி, சிப் எண், விலை, இத்தனை நாளுக்குள் நோய் கண்டால் என்ன செய்வார் என்பது ஆகியவற்றை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். 15 இலக்கச் சிப் எண் அட்டையிலும் குட்டியின் தோளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கருவி இருந்தால் சரிபார்க்கலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை.

பொட்டை நாயை ஒருமுறையாவது குட்டி போட விட வேண்டும் என்கிறார்களே?

மருத்துவத்தில் அப்படி எந்தத் தேவையும் இல்லை. கருத்தடை செய்தால் கருப்பையில் சீழ் வைக்கும் நோய் வராது. முதல் ஈத்தின் எட்டுக் குட்டிகளுக்கும் வீடு பார்த்துக் கொடுக்க முடியாமல் கோசப்பேட்டை நண்பர் ஒருவர் ஆறு மாதம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன்.

விலை கொடுக்காமலே ஒரு குட்டி கிடைக்காதா?

கிடைக்கும். நம் தெருவில் பிறக்கும் நாட்டுக் குட்டி இந்த வெயிலுக்கு என்றே வார்த்தது போன்றது. தடுப்பூசியும் கருத்தடையும் செய்து வளர்த்தால் எந்த இன நாய்க்கும் அது குறைந்ததல்ல. கேட்பவர்களில் பாதிப் பேரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதிப் பேர் அத்தோடு என்னிடம் கேட்பதை நிறுத்திக்கொள்கிறார்கள்.

வாங்கிய பிறகு வளர்க்க முடியாமல் போனால்?

வேலை மாற்றம், நோய், வீட்டுக்காரர் தொல்லை என்று எதுவும் வரலாம். பாலாற்று மணலிலோ மலையடிவாரத்திலோ இறக்கிவிட்டு வருவது விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொறுப்பான வளர்ப்பாளர் தம்மிடம் பிறந்த நாயை எந்த வயதிலும் திரும்ப ஏற்பார், அல்லது வேறு வீடு பார்த்துத் தருவார். குட்டியை வாங்கும் முன்பே அவரிடம் இதைக் கேட்டு, அவர் சொன்ன விடையையும் அவருடைய தொலைபேசி எண்ணையும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.